வண்டல் வரும் பக்கம்

வா கண்ணு, வா. செருப்பைக் கழட்ட வேண்டாம். தரையெல்லாம் சேறுதான், உன் செருப்பு புதுசா ஒண்ணும் அழுக்காக்கிடப் போறதில்ல. அந்த மூணுகால் குச்சியை மட்டும் சுவத்தோரமாச் சாய்ச்சு வை. குச்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீ பிருந்தாவோட காலேஜுன்னு. அவளும் இதே மாதிரி மஞ்சக் கால் வச்ச குச்சியோடதான் வந்து எறங்கினா. என்னம்மா இதுன்னு கேட்டா, ஆத்தை அளக்க வந்திருக்கேன்னா. அளந்து என்ன, ரவிக்கையா தைக்கப் போறேன்னு கேட்டேன். அவளுக்குச் சிரிப்பே வரல. படிச்ச பிள்ளைங்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.

உக்காரு. மோர் குடி. நீயும் பேச மாட்டியா? சரி, தலையை ஆட்டு, அது போதும்.

பிருந்தா கணக்குப் போட்டுச் சொன்னது நடக்கல, ஏன் நடக்கலன்னு பார்க்க வந்திருக்கே. அதானே? அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் ரெண்டு பஸ் மாறி வந்தே? ஒரு போன் போட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. அவளுக்குக் கணக்கு வரல. முடிஞ்சுது. இதை அழகா இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டு நீ அடுத்த ஆத்துக்குப் போ.

ஆனா வந்தது வந்துட்டே, எனக்கு ஒரு விஷயத்துக்கு உன்கிட்ட பதில் வேணும். பொழுது சாயறதுக்குள்ள அக்கரைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும். அக்கரையில இருக்கறது என் ஓரகத்தி, செந்தாமரை. என் கொழுந்தன் சோலைமுத்துவோட பொண்டாட்டி. நிலத்தை மாத்திக்கலாமா அக்கான்னு நேத்து வந்து கேட்டுட்டுப் போயிருக்கா. மாத்தறதா, வேண்டாமா? அதுதான் கேள்வி. முழுசாக் கேட்டாத்தான் உனக்குப் பதில் சொல்ல வரும். கேளு.

பின்வாசல் வழியாப் பாரு. ஆறு நம்ம வீட்டை ஒட்டி வளையுது, தெரியுதா? மேல, அந்தப் பாறை இருக்கே, அங்கதான் தடுப்பணை இருந்துச்சு. என் மூத்த மக பொறந்த வருஷம் கட்டினது. கட்டினப்ப மேளம் என்ன, மாலை என்ன. அப்புறம் என்னாச்சு? மலையிலிருந்து வர்ற வண்டலைப் பூரா அது மடியில கட்டிக்கிச்சு. எங்களுக்கு வெறுந்தண்ணியை மட்டும் விட்டுச்சு. வெறுந்தண்ணி பசியோட வரும்மா, அது கரையைத் தின்னும்னு பிருந்தா சொன்னா. ஆத்துக்குப் பசிக்குமாம்! ஆனா அது நெசம்தான். எங்க பக்கத்துக் கரை தேஞ்சு தேஞ்சு, கூழாங்கல்லு பல்லைக் காட்ட ஆரம்பிச்சுது. எருக்கு மொளைக்கும், நெருஞ்சி மொளைக்கும். அவ்வளவுதான்.

அக்கரையில அந்தக் கவலை இல்ல. மேட்டு நிலம். கெணறு உண்டு, தென்னை உண்டு. எங்க மாமனாருக்கு ரெண்டு கரையிலயும் நிலம். அவரு போனப்புறம் அண்ணனும் தம்பியும் ஒண்ணாவே பாடுபட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணான்னா, எங்க வீட்டுக்காரரு பாடுபடுவாரு, கொழுந்தன் பாடுபடுவான், செந்தாமரை களை எடுப்பா. நான்? ஒரு குடும்பத்துல யோசிக்கறதுக்குன்னு ஒரு ஆளு வேணாமா?

இப்படி இருக்கையிலதான் அணைக்கு அடியில ஓட்டை விழுந்துச்சு. அடிமண்ணு அரிச்சுப்போச்சு, ஒரு பெரிய வெள்ளத்துல மொத்தமாப் புட்டுக்கிட்டுப் போனா கீழே இருக்கற ஊருக்கு ஆபத்து, அதனால நாங்களே பதமா இடிச்சுடறோம்னு அதிகாரிங்க வந்து சொன்னாங்க. அணை போனா அதுக்குப் பின்னாடி இத்தனை வருஷம் சேர்ந்த வண்டல் எங்க போகும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் பிருந்தா வந்தா. நம்ம மாடி ரூம்லதான் தங்கினா. ஒரு கோடை முழுக்க.

அந்தப் பிள்ளை பண்ணின கூத்தை ஏன் கேக்கறே. அணைக்குப் பின்னாடி போயி சேத்தைத் தோண்டி டப்பா டப்பாவா அள்ளிக்கிட்டு வரும். மொட்டை மாடியில காயப்போடும். நான் வடகம் காயப்போட்டா அது சேறு காயப்போடும். அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணாச் சல்லடையை அடுக்கிவச்சுச் சலிக்கும். எங்க வீட்டு மாவுச் சல்லடை தோத்துது. எதுக்கும்மான்னா, பருமணல் தனியா, நைசு தனியா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல போகும்மான்னு சொல்லும். கூழாங்கல்லுக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடிச்சு ஆத்துல அங்கங்க போட்டு வச்சுது. வெள்ளம் அதை எங்க கொண்டுபோகுதுன்னு பார்க்கறதுக்காம். ஊருல ஒருத்தி அதை ஏதோ பரிகாரக் கல்லுன்னு நெனச்சுக் குங்குமம் வச்சுக் கும்பிட்டுட்டுப் போனா. நான் சொல்லல, விட்டுட்டேன். யாருக்கோ ஒரு சாமி கெடைச்சா நமக்கென்ன நட்டம்.

ஊரைக் கூட்டிப் படம் போட்டும் காட்டினா. பள்ளிக்கூடத்துச் சுவத்துல. ஒரு கை விரல்ல எண்ணிடலாம் வந்தவங்களை. அதுலயும் ரெண்டு பேரு ஃபேனுக்காக வந்தவங்க. நான் முன்வரிசையில உக்காந்து கேட்டேன். இந்த ஊர்ல விஞ்ஞானத்தை மதிச்ச ஒரே ஆளு நான்தான் கண்ணு. அதை நீ உன் ரிப்போர்ட்ல எழுதினாலும் தப்பில்ல.

படத்துல ஆறு நீலமா வளைஞ்சு போகுது. வளைவோட உள்பக்கம், சரியா நம்ம பின்வாசல் கிட்ட, செவப்பாத் திட்டுத் திட்டா இருக்கு. நான் எந்திரிச்சுக் கேட்டேன், அந்தச் செவப்பு என்ன பாப்பான்னு. அங்கதாம்மா வண்டல் படியும்னா. எவ்வளவுன்னேன். நெல்லு, வாழை எது வச்சாலும் வரும், அந்த அளவு ஆழத்துக்குப் படியும்னா. திரும்பிப் பார்க்கறேன், எங்க வீட்டுக்காரரு தூங்கறாரு. ஃபேனுக்கு வந்த ரெண்டு பேருல அவரு ஒருத்தரு.

வீட்டுக்கு வந்ததும் விரால் மீன் வாங்கியாரச் சொல்லி, கொழம்பு வச்சு, அவளைக் கூப்பிட்டு உக்காரவச்சுத் திரும்பவும் கேட்டேன். "நெசமாத்தான் சொல்றியா? எங்க பக்கம்தானா?"

"ஆமாம்மா. தண்ணி எங்க வேகமா ஓடுதோ அங்க மண்ணு நிக்காது. எங்க சோம்பி நிக்குதோ அங்கதான் உக்காரும். இந்த வளைவுல உங்க பக்கம்தான் தண்ணி சோம்பி நிக்கும்."

"எப்ப வரும்?"

"முதல்ல நைசுச் சேறு நிக்காமப் போயிரும். பருமணல் வந்து அடி போட்டப்புறம்தான் வண்டல் அது மேல தங்கும். ரெண்டு மூணு மழைக்காலம் ஆகும். ஆத்துல யாரும் கை வைக்காம, அதை அது போக்குல விட்டாத்தான்."

பார்த்தியா, அந்தக் கடைசி வார்த்தையை? படிச்சவங்க எதைச் சொன்னாலும் வாலா ஒரு 'விட்டாத்தான்' வப்பாங்க. நாளைக்கு நடக்கலன்னா அதுல போயி ஒளிஞ்சுக்கலாம் பாரு. ஜோசியக்காரன் பரிகாரம் பண்ணினாத்தான்னு சொல்லுவான், இவ கை வைக்காம விட்டாத்தான்னு சொல்றா. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. இன்னொரு துண்டு மீன் வச்சேன்.

அடுத்த வாரமே வீட்டுக்காரருகிட்ட சொன்னேன், பாகம் பிரிச்சுடலாங்கன்னு. அவருக்குப் புரியல. எதுக்குடி இப்பன்னாரு. தம்பி குடும்பம் தனியாத் தலையெடுக்க வேணாமா, எத்தனை நாளைக்கு நம்ம நெழல்லயே இருப்பாங்கன்னேன். அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நீ இவ்வளவு நல்லவளான்னு கேட்டாரு. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கற கேள்வியா அது?

எங்க ஊர்ல பாகம் பிரிக்கறதுல ஒரு முறை இருக்கு கண்ணு. பெரியவன் பங்கு வைக்கணும், சின்னவன் முதல்ல எடுக்கணும். பங்கு வைக்கிறவன் ஓரவஞ்சனை பண்ணக் கூடாதுன்னு எவனோ புத்திசாலி பண்ணின ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனா நமக்கு வேணுங்கறதை அவன் எடுக்காத மாதிரிப் பங்கு வைக்கணும்னா, அதுக்குக் கொஞ்சம் மூளை வேணும்.

நான் எப்படி வச்சேன் தெரியுமா? கெணறு, தென்னை, அக்கரை மேட்டு நிலம் பூரா ஒரு பங்கு. இந்த எருக்கு மொளைச்ச கல்லுக் கரையும் இடிஞ்சுபோன மாட்டுக் கொட்டாயும் இன்னொரு பங்கு. கண்ணு தெரியாதவன்கூட எதை எடுப்பான்னு சொல்லிடலாம். பெரிய மனுஷங்க நாலு பேரு வந்து உக்காந்திருந்தாங்க. பங்கைக் கேட்டதும் ஒருத்தரை ஒருத்தரு பார்த்துக்கிட்டாங்க. "நாகரெத்தினத்துக்கு மனசு பெருசு"ன்னு ஒருத்தரு வாய்விட்டே சொன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அப்பத்தான் இன்னும் பெருசாத் தெரியும்.

அந்தக் கொழுந்தன் என்ன பண்ணினான் தெரியுமா? எந்திரிச்சான். கையைக் கட்டிக்கிட்டு நின்னான். "அண்ணி, இது நியாயமில்ல. கெணத்தோட இருக்கறதை அண்ணன் வச்சுக்கட்டும். நான் கல்லுக் கரையை எடுத்துக்கறேன்"ங்கறான்!

எனக்கு ரத்தம் சுண்டிப்போச்சு கண்ணு. உலகத்துல ஒவ்வொரு வீட்டுலயும் தம்பி அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுக்கறான். எனக்குன்னு வாய்ச்சது பாரு, நியாயஸ்தன்.

"எங்களைப் பிச்சை வாங்கச் சொல்றியா?"ன்னேன். "நாங்க மனசார வச்சதை வேண்டாங்கறியா? அப்ப எங்க மேல உனக்கு மரியாதை இல்ல?"

"ஐயோ, அதில்ல அண்ணி…"

"என்ன அதில்ல? அண்ணன் சொத்தைத் தம்பி புடுங்கிட்டான்னு நாளைக்கு ஊரு பேசும்னு பயப்படறே. உனக்கு ஊருதான் பெருசு, அண்ணி பெருசில்ல."

செந்தாமரை அழ ஆரம்பிச்சுட்டா. சோலைமுத்து இன்னும் நிக்கறான். வேற வழியில்லாம நானும் அழுதேன். எனக்கு அவ்வளவு சுளுவா அழுகை வராது. ஆனா அன்னிக்கு அந்த வாழைத் தோட்டம் கையைவிட்டுப் போயிருமோன்னு நெனச்சதும் தானா வந்துச்சு. நெசமான கண்ணீரு. கடைசியில பெரிய மனுஷங்களே அவனை அதட்டி, மூத்தவ மனசை நோகடிக்காதேன்னு சொல்லி, கெணத்துப் பங்கை எடுக்கவச்சாங்க. செந்தாமரை என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "இந்தக் கடனை எப்படி அக்கா தீர்ப்பேன்"ன்னா. தீர்ப்பேடி, தீர்ப்பேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் எப்படித் தீர்த்தாங்கறதைச் சொல்றேன், கேளு.

அணையை இடிச்சாங்க. ஊரே திருவிழா மாதிரி வந்து பார்த்துச்சு. ஒருத்தன் சுண்டல் விக்கறான். மிஷினு ஒரு கொத்து கொத்தும், ஜனம் ஓன்னும். தண்ணி காப்பிக் கலர்ல திரண்டு வந்துச்சு. நான் பின்வாசல்ல நின்னு, வா, வா, எங்க வீட்டுக்கு வான்னு கூப்பிடாத கொறை. அது எங்கே திரும்பிப் பார்த்துச்சு? சொந்தக்காரன் ஊர்வலம் நம்ம தெரு வழியாவே அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போற மாதிரி, வண்டல் பூரா நம்ம கண்ணு முன்னாடி நேராப் போயிக்கிட்டே இருக்கு. ஒரு கூடைச் சேறு நின்னிருக்குமா? இல்ல.

பிருந்தாவுக்குப் போன் போட்டேன். "எங்கம்மா என் மண்ணு?"

"அதான் சொன்னேனேம்மா, முதல்ல நைசு போயிரும். பொறுங்க. இந்த மழையில மணலு வரும், அடுத்த மழையில…"

பொறுங்களாம். அவளுக்கென்ன, சம்பளத்தோட பொறுக்கலாம். நான் ஆவணியிலயே வாழைக்கன்னு வாங்கி எறக்கியாச்சு. மாட்டுக் கொட்டாய்ல அடுக்கி வச்சது குருத்து விட ஆரம்பிச்சுருச்சு. எதுக்கு இத்தனை கன்னு, எங்க நடப்போறீங்கன்னு போறவன் வர்றவன் எல்லாம் கேக்கறான். கல்லு மேல வாழை வைக்கற புது முறைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. கொரம்பு. தெரியாதா உனக்கு? ஆத்தைப் படிக்கறே, கொரம்பு தெரியாதா? ஆத்துத் தண்ணி கொறைஞ்சு, வாய்க்காலுக்கு ஏறலன்னா, ஆத்துக்குள்ள மணல் மூட்டையும் மொளைக்குச்சியும் தென்னை மட்டையும் போட்டுக் கட்டுவோம் பாரு, அதுதான். நேர்க்கட்டா இருக்காது. ஒரு முனை கரையில, மறு முனை ஆத்துக்குள்ள மேல்முகமாச் சாய்ஞ்சு நிக்கும். விரிச்ச கை மாதிரி. நடு ஆத்துல போற தண்ணியை வளைச்சுப் புடிச்சு வாய்க்கால் வாய்க்குத் தள்ளிவிடும். எங்க ஊர்ல இதைக் கட்டத் தெரியாதவன் கெடையாது.

வண்டல் தண்ணியோடதானே வருது? தண்ணியை நம்ம பக்கம் இழுத்தா வண்டலும் வந்துதானே ஆகணும்? இது பிருந்தாவுக்கு ஏன் தோணல? கம்ப்யூட்டர் இருக்கறவங்களுக்கு யோசனை தோணாது.

எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னா அவரு தலையைச் சொறியறாரு. "கொரம்பு தண்ணிய இல்லடி இழுக்கும். வாய்க்கால் இருந்தா வந்த தண்ணி உள்ள போயிரும். இங்க வாய்க்கால் இல்லையே, எங்க போகும்?"

"மாப்பிள்ளை வந்தா பின்னாடியே சொந்தம் வராதா? தண்ணி வந்தா மண்ணு வரும். நீங்க மூட்டையைத் தூக்குங்க."

தூக்கினாரு. பாவம், சொன்னதைச் செய்யறதுல அவரை மிஞ்ச ஆளில்ல. நானும் இடுப்பு ஒடிய மட்டை முடைஞ்சேன். அவ்வளவு கச்சிதமா ஒரு கொரம்பு இந்த ஆத்துல யாரும் கட்டினதில்லன்னு பார்த்தவங்க சொன்னாங்க. அக்கரையிலிருந்து சோலைமுத்து கூட வந்து மொளை அடிச்சுக் குடுத்தான். எதுக்கு அண்ணின்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுலயே எனக்கு அப்பச் சந்தேகம் வந்திருக்கணும்.

ஐப்பசியில வந்துச்சு வெள்ளம். விடிஞ்சு பின்வாசலைத் திறந்தா பின்வாசல்தான் இருக்கு, அதுக்கப்புறம் ஆறு. மாட்டுக் கொட்டாய் இருந்த இடத்துல தண்ணி சுழிச்சுக்கிட்டு இருக்கு. இருந்த கல்லுக் கரையும் போச்சு. ஆறு நம்ம வீட்டை ஒட்டி அப்படி ஒரு வேகம், குதிரை மாதிரி. கொரம்பு மட்டும் அசையல. அதுதான் சொன்னேனே, அவ்வளவு கச்சிதம்.

அக்கரையைப் பார்த்தேன். கண்ணு, அந்தப் பக்கம் தண்ணி பேசாம, சாதுவாப் படுத்திருந்துச்சு. வடிய வடிய அடியிலிருந்து மண்ணு தெரிய ஆரம்பிச்சுது. கறுப்பா, வழவழன்னு, அப்படியே எடுத்து முகத்துல பூசிக்கலாம் போல. அவ நிலத்து ஓரத்துல இன்னொரு நிலமே மொளைச்சு நின்னுச்சு. பிருந்தாவோட ரோஸ் கல்லு எல்லாம் அதுலதான் கெடந்துச்சு. அந்தக் குங்குமம் வச்ச பொம்பளை அங்கயும் போயிக் கும்பிட்டுட்டு வந்தா.

இப்பச் சொல்லு. எங்க பக்கம்னு சொன்னவ அவ. வந்தது அந்தப் பக்கம். கணக்கு வரலன்னு நான் சொன்னது தப்பா? போன் போட்டுக் கேட்டா என்ன சொல்றா தெரியுமா? "அங்க ஏதாவது மாறியிருக்காம்மா? யாராவது ஏதாவது கட்டினாங்களா?"ங்கறா. ஒண்ணுமே மாறல, எல்லாம் அப்படியேதான் இருக்கு, உன் மூளைதான் மாறியிருக்குன்னு சொல்லி வச்சுட்டேன். தான் பண்ணின தப்புக்கு எப்படியெல்லாம் ஆளு தேடறாங்க பாரு.

இதுல கொடுமை இன்னும் முடியல. வாழைக்கன்னு. கொட்டாய் போறதுக்கு முந்தின நாள் மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ள எடுத்து வச்சிருந்தோம். கூடம் பூரா வாழை. படுக்க எடமில்ல. ஒரு நாள் நான் சந்தைக்குப் போயிட்டு வர்றேன், கூடம் காலியா இருக்கு. எங்கடான்னா, செந்தாமரை வந்தாளாம், ஐயோ மாமா, கன்னு வாடுதேன்னாளாம், இவரு அள்ளிக் குடுத்துட்டாராம். என் கன்னு, என் மண்ணுல, அவ தோட்டமா நிக்குது. போய்ப் பாரு, என்ன செழிப்பு. காத்தடிச்சா இலை ஆடறது இங்க கேக்குது. எங்க வீட்டுக்காரரு தெனமும் சாயங்காலம் பின்வாசப்படியில உக்காந்து அதையே பார்க்கறாரு. சோறு எறங்கல அவருக்கு. உழுத மனுஷன், ஒழவு இல்லாம கையைப் பெசைஞ்சுக்கிட்டு இருக்காரு. அதைப் பார்க்க வேண்டாம்னுதான் அந்த நேரத்துக்கு நான் அடுப்படிக்குப் போயிடறேன். மத்தபடி எனக்கென்ன, நான் தைரியமாத்தான் இருக்கேன்.

நேத்து சோலைமுத்துவும் அவளும் வந்தாங்க. வாழைப்பூ ஒண்ணு கையில. என் வாழையோட பூ, எனக்கே சீரு.

"அக்கா, மாத்திக்கலாம். நீங்க அந்தப் பக்கம் வந்துருங்க. கெணறு, வாழை எல்லாத்தோடயும். நாங்க இங்க வர்றோம்"ங்கறா.

"எதுக்கு?"ன்னேன்.

"மாமா முகத்தைப் பார்க்க முடியலக்கா. தெனம் அங்கிருந்து பார்க்கறேன், படியில உக்காந்திருக்காரு. அன்னிக்கு நீங்க எங்களுக்கு மனசார நல்ல பங்கைக் குடுத்தீங்க. இன்னிக்கு நாங்க குடுக்கறோம்."

சோலைமுத்து கீழே பார்த்துக்கிட்டு நிக்கறான். எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தறாரு. ராத்திரி பூரா என்கிட்ட கெஞ்சறாரு, சரின்னு சொல்லுடி, சரின்னு சொல்லுடின்னு.

இவரு ஒரு பச்சைப் புள்ளை. நான் யோசிக்கறேன். நல்ல நிலத்தை எவளாவது சும்மா குடுப்பாளா? நான் குடுத்தேன், இல்லேங்கல. எதுக்குக் குடுத்தேன்? அதைவிட நல்லது இந்தப் பக்கம் வரப்போகுதுன்னு தெரிஞ்சு குடுத்தேன். அப்ப அவ எதுக்குக் குடுப்பா? நீயே சொல்லு. பாசமாம்! நானும்தான் அன்னிக்குப் பாசமா அழுதேன்.

இன்னொண்ணும் கேளு. பிருந்தா போன மாசம் அக்கரைக்கு வந்துட்டுப் போயிருக்கா. இங்க எட்டிக்கூடப் பார்க்கல, நான் திட்டுவேன்னு பயம். அங்க போயி மண்ணைத் தோண்டிப் பார்த்துட்டு, செந்தாமரைகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாளாம். என்ன பேசியிருப்பா? அடுத்த வெள்ளத்துல இது பூரா இக்கரைக்குப் போயிரும், அதுக்குள்ள மாத்திக்கன்னு சொல்லியிருப்பா. விரால் மீன் வேற வச்சிருப்பா அந்தக் கள்ளி.

அதனாலதான் உன்னைக் கேக்கறேன். நீ பிருந்தா மாதிரி இல்ல, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. உள்ளதைச் சொல்லு. அடுத்த வெள்ளத்துல மண்ணு எந்தப் பக்கம் வரும்?

என்ன? சத்தமாச் சொல்லு. ஆத்துச் சத்தத்துல கேக்கல.

கொரம்பை எடுத்துட்டா எங்க பக்கம் வருமா?

எடுக்காட்டி?

இருக்கற வீடும் போயிருமா!

அடேயப்பா. பேசாத பிள்ளைன்னு நெனச்சேன். பேசினா இப்படியா? எங்க வீட்டுக்காரரு ஏதாவது சொல்லிக் குடுத்தாரா உனக்கு? இல்ல, பஸ்ஸை விட்டு எறங்கி முதல்ல அக்கரைக்குப் போயிட்டு வர்றியா? வீட்டுக்குக் காப்பா இருக்கற ஒரே கொரம்பு, அதையும் எடுன்னு சொல்லித்தர அனுப்பியிருக்காளா?

சரி, அதை விடு. நீ சொன்னதுல ஒரு பாதியை நான் எடுத்துக்கறேன். எங்க பக்கம் வரும்னு உன் வாயாலயே சொல்லிட்டே இல்ல? அது போதும். நான் நெனச்சது சரி. எப்பவும் சரியாத்தான் இருக்கும்.

ஏங்க! கேக்குதா? அக்கரைக்குப் போயி, மாத்தறதுக்கில்லன்னு சொல்லிட்டு வந்துருங்க. என்னது? கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போங்க, பார்க்கறவங்க என்ன நெனப்பாங்க. அந்த வாழைப்பூவையும் குடுத்துட்டு வாங்க. நாம யாருகிட்டயும் சும்மா வாங்கறவங்க இல்ல.

போயிட்டாரு. சரி கண்ணு, நீ குச்சி நட ஆத்துல எறங்கத்தானே போறே? அப்படியே எனக்கு ஒரு கை குடு. மணல் மூட்டை வந்து கெடக்கு, பார்த்தே இல்ல? இருக்கற கொரம்புக்கு மேல இன்னொண்ணு கட்டப்போறேன். ஒண்ணுக்கு இத்தனை தண்ணி வந்துதுன்னா ரெண்டுக்கு எவ்வளவு வரும், நீயே கணக்குப் போடு. இந்தக் கயித்தோட அந்த முனையைப் புடி. மொழங்கால் தண்ணிதான், பயப்படாத. இன்னும் உள்ள போ. கொஞ்சம் மேல, சரிவா. ம், அங்கதான். நில்லு.

என்ன, காலைப் புடிச்சு இழுக்குதா? காலுக்கடியில மண்ணு கரையற மாதிரி இருக்கா?

இருக்கட்டும். கயித்தை விட்டுடாத. இழுத்தாத்தானே வரும்.